மலையில் போகும் மண்ணை எதைக்கொண்டு அளப்பது? (தேயிலை, கரட் பாத்தி, அணைக்கட்டு, ஆயிரமாண்டுக் கணக்கு)

#1 மேல்கணக்கு (தலவாக்கலை)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் அப்பா பதினைந்து பேர்ச் (160 பேர்ச் ஓர் ஏக்கர்) நிலத்தில் லீக்ஸும் கரட்டும் போடுகிறார். அதற்கு நேர் மேலே பழைய விதைத் தேயிலை மலை. நட்டு நூறு வருடம் இருக்கும் என்று தாத்தா சொல்வார். போன வாரம் அம்மாவுக்கு மலைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஒரு தேயிலை மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். மரம் மண்ணில் நிற்கவில்லை, வேரில் நிற்கிறது. பக்கவேர்கள் விரல் விரித்த மாதிரி வெளியே தெரிகின்றன. நட்ட காலத்தில் மண்மட்டம் இருந்த இடம் அடித்தண்டில் தழும்பு போல இருக்கிறது. அங்கிருந்து இப்போதைய மண்வரை சாண் வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண். சுற்றியிருந்த ஏழெட்டு மரங்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அதற்கு அடுத்த நாள் ஊரில் விவசாயிகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பேசிய ஒருவர், பராமரிப்பில்லாத விதைத் தேயிலையில் வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 40 தொன் மண் போகிறது என்றார். இன்னொருவர் ஆற்றுக் கணக்கு சொன்னார். அது இதைவிட மிகக் குறைவு. மூன்றாமவர், மலை ஆயிரக்கணக்கான வருடமாகத் தானாகத் தேய்கிற வேகம் ஹெக்டேயருக்குக் கால் தொன்கூட இல்லை என்றார். மூவரும் பேசியது மகாவலி ஆற்றின் மேல்நீரேந்துப் பகுதியை, அதாவது மழைநீர் வடிந்து ஆற்றில் சேரும் மேல்மலை நிலத்தைப் பற்றித்தான். எது சரி என்று கேட்டேன். நேரமில்லை என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

ஒரே மலைக்கு எப்படி மூன்று கணக்கு வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் ஒரு சாண் இதில் எங்கே வருகிறது?

#2 மண்பரிசோதனை (பேராதனை)

தம்பி, மூன்றுமே சரி. மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள், அவ்வளவுதான். முதலில் உங்கள் சாணைக் கணக்குப் பார்ப்போம், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு ஹெக்டேயரில் 1 மில்லிமீற்றர் மண் என்றால் 10 கனமீற்றர், எடையில் ஏறத்தாழ 13 தொன். (மண்ணின் அடர்த்தியை 1.3 என்று வைக்கிறேன்.) இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு சாண் 22 சென்ரிமீற்றர், அதாவது 220 மில்லிமீற்றர். 220 × 13 = 2860 தொன். நூறு வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு 28 தொன் சொச்சம். பயிற்சியில் சொன்ன 40 தொன்னுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள், அதுவும் வெறும் கையை வைத்து.

அந்த 40 எங்கிருந்து வந்தது? சிறு நிலத்துண்டுகளில் அளந்தது. சரிவில் ஒரு செவ்வகத்தைத் தகரத்தாலோ பலகையாலோ அடைத்து, அடியில் தொட்டி வைப்பார்கள். மழை பெய்யப் பெய்ய ஓடிவரும் நீரும் மண்ணும் தொட்டியில் விழும். காயவைத்து நிறுப்பார்கள். அமெரிக்காவில் விஷ்மையரும் ஸ்மித்தும் உருவாக்கி, 1965-இலும் பிறகு திருத்தி 1978-இலும் வந்த மண்ணிழப்புச் சமன்பாடு முழுக்க இப்படிப்பட்ட துண்டுகளில் பிறந்ததுதான். அவர்களுடைய நியமத் துண்டு 22.1 மீற்றர் நீளம், சரிவு 9 சதவீதம். ஏன் 22.1? ஆறடி அகலத்துக்கு அந்த நீளம் வைத்தால் சரியாக ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. நிறுத்ததை நூறால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு கிடைத்துவிடும். உலகம் முழுக்க இன்று வரைபடம் போடும் சமன்பாட்டுக்குள் அந்த வசதிக்கணக்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அந்த 22 மீற்றருக்குள் மழைத்துளி மண்ணைத் தெறிக்கவைப்பது தெரியும், மேலோட்டமாகத் தாள் போல அரிப்பது தெரியும், விரல் அகலச் சிற்றோடை தெரியும். பள்ளம் விழுவது, தோட்டத்து ரோட்டு மதகுக்குக் கீழே தண்ணீர் குடைவது, மண்சரிவு எதுவும் அதில் விழாது. அதோடு, தொட்டியில் விழுந்த மண் தொட்டி இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதையும் அது சொல்லாது. பத்து மீற்றர் தள்ளி ஒரு புல் வரம்பில் நின்றிருக்கலாம். ஆற்றை அடைந்திருக்கலாம்.

உங்கள் சாணும் அதே போலத்தான். மண் அந்த மரத்தடியை விட்டுப் போனது உறுதி. எங்கே போனது என்று அது சொல்லவில்லை.

#3 கேத்தி மழை (நீலகிரி)

நல்ல கேள்வி எடுத்திருக்கிறீர்கள் தம்பி. நான் ஊட்டிக்குக் கீழே கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், பீட்ரூட் போடுகிறவன். அக்கா இடத்தைப் பற்றிச் சொன்னார், நான் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

'வருடத்துக்கு இத்தனை டன்' என்று சொல்வதே எனக்கு நெஞ்சில் ஒட்டாது. எங்கள் காட்டில் (பயிர் நிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம்) மண் வருடம் பூராவும் போவதில்லை. ஐந்தாறு மழையில் போகிறது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் பதிவான ஒரு நாள் மழை 82 செ.மீ. சென்னைக்கு ஒரு வருடத்தில் பெய்வதில் பாதிக்கு மேல் அது. அந்த வாரம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். விடிந்து பார்த்தபோது எங்கள் காட்டின் கீழ்ப் பாதியில் கேரட் பாத்தியே இல்லை. கீழ்மண் தெரிந்தது, சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்து. அதற்கு முந்தைய பத்து வருடத்தில் போனதையும் அந்த ஒரு ராத்திரியில் போனதையும் தராசில் வைத்தால் ராத்திரிதான் இறங்கும்.

யாராவது 2006-இல் தொட்டி வைத்து 2008-இல் எடுத்திருந்தால் என்ன எண் வந்திருக்கும்? நல்ல எண். அதை நம்பி யாராவது திட்டம் போட்டிருப்பார்கள்.

2024 ஜூலை 30 விடியற்காலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் இறங்கியது இன்னும் பெரிது. மேலே ஒரு மடிப்பில் காலங்காலமாகச் சேர்ந்த மண் ஒரே வீச்சில் வந்தது. அடித்துச் செல்லப்பட்டவர்களைச் சாலியாற்றில் மலப்புறம் மாவட்டத்தில் தேடி எடுத்தார்கள். இதை எந்த 'சராசரி ஆண்டு'க் கட்டத்தில் எழுதுவது?

இன்னொன்று. எங்களைப் பார்த்து, பாத்தியைச் சரிவோடு சரிவாக மேலிருந்து கீழே போடுகிறீர்களே, குறுக்கே போடக்கூடாதா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும். நிலம் பாதிப்பேருக்குக் குத்தகை. மண் போவது பத்து வருடத்தில் தெரியும், கிழங்கு அழுகுவது பத்து நாளில் தெரியும். பத்து நாளில்தான் கடன் கட்ட வேண்டும்.

#4 மேல்கணக்கு

கேத்தி அண்ணா, இங்கேயும் இதே கதைதான். அப்பா சொல்வதும் இதுதான்: 'கரட் அழுகினால் நான் யாரிடம் போய் நிற்பது?'

மண்பரிசோதனை அக்கா, மூன்றாவது எண்ணைச் சொல்லவில்லையே. கால் தொன்கூட இல்லை என்று சொன்னது. அதை எப்படி அளந்தார்கள்? ஆயிரம் வருடத்துக்கு முன்னால் தொட்டி வைத்தது யார்?

#5 மண்பரிசோதனை

தொட்டி வைத்தது வானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2003-இல் ஹேவாவசம், ஃபொன் பிளாங்கன்பர்க் குழுவினர் மேல்மகாவலியில் செய்து வெளியிட்ட வேலை இது. நான் மாணவியாக இருந்தபோது படித்து, இரண்டு நாள் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

ஆற்று மணலில் வெள்ளையாகப் பளிச்சிடுவது குவாட்ஸ், பளிங்குக் கல். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரையைத் துளைக்கும்போது குவாட்ஸுக்குள் பெரிலியம்-10 என்ற அணு மிக மிக மெதுவாக உருவாகும். அந்தக் கதிர்கள் பாறையில் அரை மீற்றர், முக்கால் மீற்றர் போவதற்குள் பெருமளவு வலுவிழந்துவிடும். ஆகவே ஒரு மணற்குருணை மேற்பரப்பை நெருங்கிய பிறகு எத்தனை காலம் அங்கே கிடந்தது என்பது அதற்குள் இருக்கும் பெரிலியத்தை எண்ணினால் தெரியும். நிலம் மெதுவாகத் தேய்ந்தால் குருணை வெகுகாலம் வெயில் காய்ந்திருக்கும், பெரிலியம் அதிகம். வேகமாகத் தேய்ந்தால் குறைவு. ஆற்றில் ஒரு கைப்பிடி மணல் அள்ளினால் மேலேயுள்ள மொத்த நீரேந்துப் பகுதியின் சராசரி அந்தக் கையில் இருக்கிறது.

காடு கலையாத பகுதிகளில் அவர்கள் கண்ட இயற்கை வேகம் ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன். ஹெக்டேயருக்கு 0.13 முதல் 0.3. இது பல பத்தாயிரம் ஆண்டுகளின் சராசரி. இவ்வளவு செங்குத்து, இவ்வளவு மழை, இவ்வளவு வெப்பம் உள்ள மலை இவ்வளவு மெதுவாகத் தேய்வது அப்போது பலருக்கும் ஆச்சரியம். இமயமலை போல இந்த மலை இன்று கீழிருந்து உயர்த்தப்படவில்லை. அதன் மேல் அடர்ந்த காடு. அதனால் பாறையும் மண்ணும் ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டன.

அதே குழு ஆற்று அளவீடுகளிலிருந்து எடுத்த இன்றைய கணக்கு, பயிர் செய்யப்பட்ட நீரேந்துப் பகுதிகளில் சதுர கிலோமீற்றருக்கு 130 முதல் 2100 தொன். இதுதான் உங்கள் இரண்டாமவர் சொன்ன ஆற்றுக் கணக்கு.

இப்போது மூன்றையும் ஒரே அலகில் வையுங்கள். ஹெக்டேயருக்கு இயற்கை 0.13 முதல் 0.3 வரை. ஆறு 1.3 முதல் 21 வரை. உங்கள் மலைத்துண்டு 40.

நான் இரவில் யோசிப்பது முதல் எண்ணைப் பற்றித்தான். மலை தேய்கிற அந்த வேகத்தில்தான் அடியிலிருந்து புதுமண்ணும் உண்டாகிறது. 1 மில்லிமீற்றர் மண்ணுக்கு 40 முதல் 100 வருடம் வேண்டும். 40 தொன் போகிற இடத்தில் ஒரே வருடத்தில் 3 மில்லிமீற்றர் போகிறது. பாடநூல்களில் 'ஹெக்டேயருக்கு 11 தொன் வரை பொறுத்துக்கொள்ளலாம்' என்று ஓர் அளவு இருக்கிறது. அமெரிக்கச் சமவெளிகளில் ஏக்கருக்கு 5 தொன் என்று வைத்ததன் மாற்றுக்கணக்கு அது. அதை அப்படியே நம் மலைக்குக் கொண்டுவந்து வைத்தவர்கள் இந்த மணலைப் பார்த்திருக்கவில்லை. நம் மலை எவ்வளவு கொடுக்கும் என்று அதனிடம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

#6 கண்மாய்க்கரை (சிவகங்கை)

ஒரு மாறுபட்ட கருத்து. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மேலே 'மண் போகிறது, போகிறது' என்றே பேச்சு. எங்கள் ஊரில் நாங்கள் மண் வருவதற்காகக் காத்திருப்பவர்கள். கண்மாயில் படியும் வண்டலை நாங்கள் கரம்பை என்போம். கோடையில் கண்மாய் வற்றியதும் மாட்டுவண்டியில் அடித்து வயலில் கொட்டுவது அப்பா காலத்துப் பழக்கம். கையில் எடுத்துப் பிசைந்தால் வெண்ணெய் மாதிரி. செம்மண் புஞ்சையில் ஏக்கருக்கு இருபது வண்டி கொட்டினால் இரண்டு மழைக்கு ஈரம் நிற்கும். நடுவில் பல வருடம் அனுமதி, கெடுபிடி என்று அந்தப் பழக்கம் விட்டுப்போய், 2017-இல் கண்மாய்களைத் தூர்வாரும் குடிமராமத்துத் திட்டத்தோடு சேர்ந்து மறுபடி வந்தது. 1934-இல் கட்டிய மேட்டூர் அணையிலேயே அந்த வருடம்தான் முதல்முறையாக விவசாயிகளை வண்டல் எடுக்க விட்டார்கள்.

1983-இல் துருவ நாராயணாவும் ராம் பாபுவும் போட்ட கணக்கு ஒன்று உண்டு. இந்தியாவில் ஆண்டுக்கு 533.4 கோடி டன் மண் அரிக்கப்படுகிறது என்பார்கள். மேடையில் எல்லாரும் அந்த எண்ணைச் சொல்லி அதோடு நிறுத்திவிடுவார்கள். அதே கணக்கில் அடுத்த வரி இருக்கிறது: கடலுக்குப் போவது 29 சதவீதம், அணைகளில் படிவது 10 சதவீதம், மீதி 61 சதவீதம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். நூறில் அறுபத்தொரு பங்கு நாட்டுக்குள்ளேயே எங்கோ இன்னொருவர் நிலத்தில் கிடக்கிறது. அதை இழப்பு என்று எழுதலாமா?

#7 பழைய நீர்ப்பாசனம் (வவுனியா)

கண்மாய்க்கரை தம்பிக்கு ஒரு வார்த்தை. நான் ஓய்வுபெற்ற பொறியியலாளன், மகாவலி வேலையில் பல வருடம் இருந்தவன். உங்கள் கண்மாய்க்கு வண்டல் வந்தால் கோடையில் வெட்டி எடுக்கலாம். மலைக்குள் இருக்கிற நீர்த்தேக்கம் கோடையிலும் வற்றாது, வற்ற விடவும் மாட்டார்கள். அங்கே படிந்தது படிந்ததுதான்.

கண்டிக்குக் கீழே பொல்கொல்ல அணைக்கட்டு 1976-இல் திறந்தது. மகாவலி நீரைச் சுரங்கம் வழியாக உக்குவெலைக்குத் திருப்புவது அதன் வேலை. 1988-இல் பார்த்தபோது அந்தச் சிறிய தேக்கத்தின் கொள்ளளவில் 44 சதவீதம் மண்ணால் நிரம்பியிருந்தது. பன்னிரண்டே வருடம். மேலே காப்பிக்காகக் காடு வெட்டிய காலத்திலிருந்து வந்த மண், தேயிலை மண், புகையிலைச் சேனை (காடு வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம்) மண், கண்டி நகரத்து வீட்டு அத்திவார மண் எல்லாம் அதில் இருந்தது.

'ஆற்றுக் கணக்கு' என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நாங்கள் அளந்த விதம் தெரியுமா? பாலத்தில் நின்று போத்தலை இறக்கி நீர் எடுப்போம். குறித்த நாளில், பகல் நேரத்தில். வெள்ளம் வருவது இரவு இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் பாலத்துக்கு யார் போவது? விடியப் போனால் ஆறு வடிந்திருக்கும், போத்தலில் தேத்தண்ணி நிறம்தான் இருக்கும். ஆறு முழுக் கோப்பியாக ஓடிய நேரம் எங்கள் ஏட்டில் இல்லை. அடியில் உருண்டு போகும் மணலும் கல்லும் போத்தலில் ஏறவே ஏறாது. கேத்தியார் சொன்ன ஒற்றை ராத்திரி எங்கள் ஏட்டிலும் காணாமல் போனது.

அதனால் நான் போத்தலைவிட அணைக்கட்டை நம்புவேன். அது இரவிலும் அளக்கும். ஆனால் அதற்கும் ஒரு குறை, மண் யாருடையது என்று சொல்லாது.

#8 மண்பரிசோதனை

ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கண்மாய்க்கரை அண்ணா சொன்ன அறுபத்தொன்றுக்கும் இது பதில் ஆகும் என்று நினைக்கிறேன். நகர்ந்த மண் நின்றுவிட்ட மண் இல்லை. காத்திருக்கிற மண்.

இதற்கு நான் படித்ததிலேயே தெளிவான சாட்சி அமெரிக்காவின் விஸ்கான்சினில் கூன் கிரீக் என்ற சிறு ஆறு. மிஸிஸிப்பியில் போய்ச் சேர்வது. 1850-களில் குடியேறியவர்கள் மேட்டைத் திருத்திக் கோதுமை போட்டார்கள். சரிவோடு உழவு. மண் வாரிக்கொண்டு போய், பள்ளத்தாக்கில் ரோடும் வேலியும் புதைந்தன. 1930-களில் அங்கேதான் நாட்டின் முதல் நீரேந்துப் பகுதி மண் பாதுகாப்புத் திட்டம் நடந்தது. சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் உழுவது, பயிரைப் பட்டை பட்டையாக மாற்றிப் போடுவது, காட்டு ஓரத்தில் மாடு மேய்வதை நிறுத்தியது எல்லாம் பலித்தது. மேட்டில் அரிப்பு நன்றாகக் குறைந்தது.

ஸ்டான்லி டிரிம்பிள் என்பவர் பல பதிற்றாண்டு அந்தப் பள்ளத்தாக்கைக் குறுக்குவெட்டாக அளந்துகொண்டே இருந்தார். அவர் பிரித்த காலங்கள் மூன்று: 1853–1938, 1938–1975, 1975–1993. மேட்டில் அரிப்பு உச்சத்தில் இருந்த முதல் காலத்திலும் சரி, வெகுவாகக் குறைந்த கடைசிக் காலத்திலும் சரி, ஆற்றின் வாயிலிருந்து மிஸிஸிப்பிக்குப் போன மண்ணின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான்! முதலில் வந்ததில் மிகப்பெரும் பங்கு பள்ளத்தாக்கிலேயே தங்கியது. பிறகு மேட்டிலிருந்து வரத்து குறைந்ததும் ஆறு அந்தப் பழைய சேமிப்பை அரித்துக் கொண்டுபோனது.

ஆற்றின் வாயில் மட்டும் போத்தல் வைத்திருந்தவர் என்ன நினைத்திருப்பார்? முதல் காலத்தில் 'பெரிய அரிப்பு ஒன்றுமில்லை' என்றிருப்பார். கடைசியில் 'மண் பாதுகாப்பால் ஒரு பயனும் இல்லை' என்றிருப்பார். இரண்டு தடவையும் தப்பாகவே சொல்லியிருப்பார்.

#9 கண்மாய்க்கரை

அக்கா, அப்படியானால் ஒன்று கேட்கிறேன். இன்று இந்தத் தம்பியின் அப்பா வரம்பு கட்டி, புல் நட்டு, பாத்தியைத் திருப்பினாலும் அணைக்கட்டு நிரம்புவது நிற்காது என்கிறீர்கள். பிறகு அவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும்? அவர் செலவு செய்கிறார், பலன் ஐம்பது வருடம் கழித்து வேறு யாருக்கோ.

#10 பழைய நீர்ப்பாசனம்

தம்பி, இதே கேள்வியை எங்கள் திட்டக்காரர்கள் தலைகீழாகக் கேட்டுத்தான் தோற்றார்கள். அணைக்கட்டைக் காப்பாற்ற மலையில் இருப்பவர்கள் புல் நட வேண்டும் என்று போய் நின்றார்கள். ஐந்து வருடத்தில் அணையில் வித்தியாசம் தெரியவில்லை, பணத்தை நிறுத்தினார்கள். புல் நட்ட மனிதருக்கு அவருடைய நிலத்தில் என்ன கிடைத்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அவருக்கு மில்லிமீற்றர்தான் கணக்கு. மேல் மில்லிமீற்றரில்தான் அவர் போன மாதம் போட்ட உரம் இருக்கிறது. அது அடுத்த மழைக்குப் போகாமல் நின்றால் அதே போகத்தில் அவருக்குப் பலன். அணைக்கட்டின் பலனை அவர் தலையில் கட்டக்கூடாது. அணையைக் காக்க வேண்டுமானால் ரோட்டோரக் கானும் (வடிகால்) ஆற்றுக் கரையும் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1873-இலேயே தாவரவியலாளர் ஹூக்கர் சொல்லி 5000 அடிக்கு மேலே காட்டை வெட்டாமல் விட வேண்டும் என்று வைத்தார்கள். 1951-இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் இன்னும் காடு நிற்பதற்கு அந்த முதல் முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குக் கீழே நடந்ததுதான் நாம் பேசுவது.

#11 மேல்கணக்கு

களை வழிக்கிற சுரண்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தாத்தா சொல்வார், அந்தக் காலத்தில் களை எடுப்பு கொந்தரப்பு, அதாவது ஒப்பந்த வேலை. மலையில் ஒரு புல் நின்றாலும் பேர் போடமாட்டார்கள், கூலி கிடைக்காது. அதனால் சுரண்டியால் வழித்து எடுப்பார்களாம். மலை வீட்டு முற்றம் மாதிரி இருக்க வேண்டும், துரை வந்து பார்ப்பார். 'புல்லோடு மண்ணும் வந்துச்சு, அதையும் நாங்கதான் கான்ல தள்ளினோம்' என்று சொல்லும்போது தாத்தா கையைப் பார்த்துக்கொள்வார். மண் போனதற்கு மழையை மட்டும் சொல்ல முடியாது. தாத்தாவையும் சொல்ல முடியாது.

#12 மண்பரிசோதனை

உங்கள் தாத்தாவின் சுரண்டி பரிசோதனைத் துண்டுகளிலும் தெரிகிறது. பேராதனையில் அளந்து பரவலாகப் பயன்படுத்தப்படும் பழைய எண்கள்: பராமரிப்பில்லாத விதைத் தேயிலை 40 தொன், நெருக்கமாக மூடி வளர்ந்த வி.பி. தேயிலை (விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்தது) கால் தொன், கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டம் 0.05 தொன். ஒரே மழை, ஒரே சரிவு வகை. வித்தியாசம் மண்ணுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான்.

நிழல் மரம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரமான மரத்தின் இலைநுனியில் சேர்ந்து விழும் துளி, சாதாரண மழைத்துளியைவிடப் பெரிது. எட்டுப் பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் போதிய வேகமும் பிடித்துவிடும். தரையில் சருகு இல்லாவிட்டால் மரத்தடியில்தான் அடி பலமாக விழும். வீட்டுத்தோட்டத்தில் சருகை யாரும் கூட்டுவதில்லை. அதுதான் காப்பாற்றுகிறது. கவ்வாத்து வெட்டிய கிளைகளை விறகுக்கு எடுக்காமல் மலையிலேயே பரப்பச் சொல்வதும் இதற்குத்தான். லயத்தில் அடுப்பெரிப்பது எதை வைத்து என்று கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை.

மேல்கணக்கு தம்பி, நீங்களே அளந்து பாருங்களேன். இரும்புக் கம்பியை அடித்து, வெளியே தெரியும் நீளத்தைக் குறித்து வையுங்கள். மேல், நடு, அடி என்று மூன்று வரிசை. கரட் பிடுங்குகிற இடத்தில் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#13 மேல்கணக்கு (எட்டு மாதத்துக்குப் பிறகு)

திரும்பி வந்துவிட்டேன். இந்தப் பதிவு இழை மறுபடி மேலே வரும்போது எல்லாருக்கும் தெரியும் என்று நம்புகிறேன்.

ஒன்பது கம்பி அடித்தேன், வரிசைக்கு மூன்று. பாத்தி கொத்தும் இடத்தை விட்டு வரம்போரமாக. இரண்டு மழைக்காலமும் பார்த்துவிட்டேன். சராசரி இது: மேல் வரிசையில் 5 மில்லிமீற்றர் குறைவு. நடுவில் 3 மில்லிமீற்றர் குறைவு. அடி வரிசையில் 11 மில்லிமீற்றர் கூடியிருக்கிறது.

அக்கா சொன்ன 13 தொன் கணக்கை எங்கள் நிலத்துக்கு மாற்றினேன். பதினைந்து பேர்ச்சில் ஒரு மில்லிமீற்றர் மண் என்றால் அரைத் தொன், அதாவது 50 கிலோ உரப்பை பத்து. நிலத்தை மூன்றாகப் பிரித்தால் மேல் துண்டிலிருந்து 16 பை போயிருக்கிறது. நடுவிலிருந்து 10 பை. அடியில் சேர்ந்தது 36 பை. அப்பாவிடம் பை கணக்கில் சொன்னதும்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். மில்லிமீற்றரில் சொன்னபோது 'சரி' என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனது 26, வந்தது 36. அந்தப் பத்துப் பை எங்கள் மண் இல்லை. மேலே இருக்கும் தேயிலை மலையுடையது. எங்கள் நிலத்தை ஒரு துண்டாகப் பார்த்தால் மண் கூடியிருக்கிறது என்றுதான் எழுத வேண்டும். மேலே நிற்கும் லீக்ஸ் மட்டும் வருடா வருடம் மெலிகிறது.

இன்னொன்றும் செய்தேன். நிலத்துக்குக் கீழே ஓடையோரம் ஒரு சதுப்பு இருக்கிறது. அங்கே கரையை மண்வெட்டியால் நேராக வெட்டிவிட்டு ஒரு ஆள் உயரத்துக்குப் பார்த்தேன். மேலே செம்மண், நடுவில் மங்கல் மஞ்சள், இடையிடையே மெல்லிய மணல் கோடு. முழங்கை ஆழத்தில் ஒரு பூச்சிமருந்துப் பொலித்தீன் பை மடிந்து கிடந்தது, எழுத்து அழிந்து. இடுப்பளவு ஆழத்தில் கரித்துண்டுகள். அதற்குக் கீழே வேரும் இலையும் அழுகிய கறுப்பு மண், அதில் மணல் கோடே இல்லை. பொலித்தீனுக்கு மேலே இருப்பது அப்பாவின் காலத்து மண் என்பது எனக்குத் தெரிந்தது. கரி எப்போதையது அக்கா? காப்பிக்காகக் காடு எரித்ததா?

#14 மண்பரிசோதனை

படம் போடுங்கள் தம்பி, படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரியின் வயதைக் கண்ணால் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வழி தேடுகிறேன். கையால் தொடாமல், சுத்தமான கரண்டியால் எடுத்து, ஈயத்தாளில் சுற்றிக் காயவைத்து வையுங்கள். வெட்டிய கரையை மூட வேண்டாம். ஆனால் மழைக்கு முன்னால் ஒரு தகரம் சாய்த்து விடுங்கள், இல்லாவிட்டால் நாம் வெட்டியதே புதுப் பள்ளமாகிவிடும்.

அந்தக் கறுப்பு மண்ணுக்கும் கரிக்கும் நடுவில் மணல் கோடு தொடங்குகிற இடத்தை மட்டும் அளவுகோல் வைத்து எழுதி அனுப்புங்கள். அதற்குக் கீழே இருப்பது நான் #5-இல் சொன்ன வேகத்தில் சேர்ந்ததாக இருக்கலாம். அதற்கு மேலே இருப்பதெல்லாம் மனிதர் வந்த பிறகு வந்தது.

#15 கேத்தி மழை

பை கணக்கு எனக்கு வேண்டும் தம்பி. என் காடு ஒன்றரை ஏக்கர். ஒரு மில்லிமீட்டருக்கு 150 பைக்கு மேல் வருகிறது, சரிதானா? கம்பி எவ்வளவு நீளம், எத்தனை மில்லி கனம் வாங்க வேண்டும்? ஐப்பசி மழைக்கு முன்னால் அடித்துவிடப் பார்க்கிறேன்.

#16 மேல்கணக்கு

சரிதான் அண்ணா, 158 பை வருகிறது. கம்பி 10 மில்லிமீற்றர் கனம், இரண்டடி நீளம். ஒன்றரை அடி உள்ளே போகட்டும். உச்சியில் சிவப்புப் பெயின்ட் பூசிவிடுங்கள், அப்பா இரண்டு தடவை தடுக்கி விழுந்தார். அளக்கும்போது கம்பியின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் இரண்டையும் எழுதுங்கள். மேல்பக்கம் சருகு சேர்ந்து பொய்யான எண் காட்டும்.